எந்தக் கிட்டில் துப்புவது? யாழ்ப்பாணத்தில் இருந்து பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு

நல்லூர்க் கொடியேறும் நேரம் வெளிநாட்டுச் சொந்தங்கள் முன்பு சொக்லேற்றும் வாசனைச் சவர்க்காரமும் கொண்டுவந்தார்கள். இப்போது சிலருடைய பயணப்பெட்டியில் டிஎன்ஏ பரிசோதனைக் கிட்டும் வருகிறது. "அம்மம்மா, இதுக்குள்ள ஒருக்கால் துப்புங்கோ, நாங்கள் சிந்துவெளி ஆக்களோ எண்டு பாப்பம்" என்று ரொறன்ரோப் பேரன் கேட்டால் அம்மம்மாவும் மறுக்கமாட்டார். எந்த நிறுவனத்தின் கிட், அதில் என்ன தெரியும், என்ன தெரியாது, வேறு வழி இருக்கிறதா என்ற கேள்விகளெல்லாம் முடிவு வந்தபிறகுதான் எழும்புகின்றன. அவற்றைக் காசு கட்டமுதல் கேட்பது நல்லது.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். நிறுவனம் காட்டும் வண்ண வரைபடத்துக்காகக் கிட் வாங்காதீர்கள், அதிலிருந்து இறக்கிக்கொள்ளக்கூடிய மூலத் தரவுக் கோப்புக்காக, அதாவது உங்கள் டிஎன்ஏயில் வாசித்த எழுத்துகளின் பட்டியலுக்காக, வாங்குங்கள். வரைபடம் அவர்களுடைய கணினியின் இன்றைய ஊகம், அடுத்த வருடம் அவர்களே மாற்றுவார்கள். கோப்பு உங்களுடையது, வேறு கணிப்புக் கருவிகளிலும் போட்டுப் பார்க்கலாம். கீழே வருகிற ஒப்பீடெல்லாம் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

அதற்கு முன்னால், நீங்கள் தேடுவது எது என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் "பூர்வீகம்" என்று ஒரே சொல்லில் இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்கிறோம். ஒன்று கிட்டத்துக் கேள்வி: பூட்டனின் தம்பி மலாயாவுக்குப் போய் என்ன ஆனார், அவருடைய சந்ததி எங்கே. மற்றது தூரத்துக் கேள்வி: நாலாயிரம் ஐயாயிரம் வருடத்துக்கு முந்திய எந்த மக்களின் கலப்பு நாங்கள். முதல் கேள்விக்கு உங்கள் சொந்த எச்சில் கட்டாயம் வேண்டும். இரண்டாவதுக்கு, சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம், விடையில் பெரும்பகுதி ஏற்கனவே அச்சில் இருக்கிறது.

2009இல் ஹார்வர்ட் மரபணுவியலாளர் டேவிட் ரைக்கின் குழு, இந்தியத் துணைக்கண்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டு பழைய மூலங்களின் கலப்பு என்று காட்டியது. தொன்மை வட இந்தியர், தொன்மை தென்னிந்தியர் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். 2013இல் இன்னொரு ஆய்வு அந்தக் கலப்பு ஏறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நடந்தது என்றும், பிறகு ஆட்கள் தங்கள் தங்கள் குழுவுக்குள்ளேயே கல்யாணம் கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்றும் கணக்கிட்டது. 2019இல் 523 பழங்கால மனிதரின் மரபணுவோடு பெரிய ஆய்வு ஒன்று வந்தது. அதே நேரத்தில் அரியானாவின் ராகிகடியில் இருந்து சிந்துவெளிப் பெண் ஒருவரின் மரபணுவும் வெளியானது. அங்கே முயன்று பார்த்த அறுபதுக்கு மேற்பட்ட மாதிரிகளில் ஒன்றுதான் ஓரளவு தேறியது. அந்தப் பெண்ணில் ஈரானிய உறவுள்ள ஒரு பழைய மூலமும் தெற்காசிய வேட்டையாடிகளின் மூலமும் இருந்தன, மத்திய ஆசியப் புல்வெளி மூலம் இல்லை. முன்பு இரண்டாகப் பிரித்ததை இப்போது மூன்றாகப் பிரிக்கிறார்கள்: இந்த மூன்றின் வெவ்வேறு அளவுக் கலப்புதான் இன்றைய தெற்காசியாவின் பெரும்பகுதி.

இதில் நாங்கள் எங்கே? பல நாட்டு மக்களின் மரபணுத்தொகுதியை, அதாவது முழு டிஎன்ஏயை, வாசித்து 2015இல் முடிந்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் 26 மக்கள் கூட்டங்கள் இருந்தன, அதில் ஒன்று பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர், 102 பேர். அந்தத் தரவு யாரும் எடுத்துப் பார்க்கக்கூடியது, ஆய்வுகள் திரும்பத் திரும்ப அதைத்தான் பயன்படுத்துகின்றன. உங்கள் அம்மம்மாவின் முடிவு அநேகமாக அந்த 102 பேரின் கூட்டத்துக்குள்ளோ பக்கத்திலோ போய் விழும். தூரத்துக் கேள்வி மட்டும்தான் உங்களுக்கு என்றால், ஒரு சதமும் செலவழிக்காமல் இந்தக் கட்டுரைகளை வாசிப்பதும் ஒரு தெரிவு. இதை எந்த நிறுவனமும் விளம்பரத்தில் சொல்லாது.

சரி, இருந்தாலும் சொந்த எண்ணைப் பார்க்க ஆசை. அப்படியென்றால் முதல் வழி, 100 டாலர் அளவில் விற்கும், தள்ளுபடிக் காலத்தில் அதற்கும் கீழே வரும் சாதாரணக் கிட். 23அண்ட்மீ, ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ், ஃபமிலிட்ரீ டிஎன்ஏ என்ற பெயர்களைத்தான் பெரும்பாலும் கேள்விப்படுவீர்கள். மனித மரபணுத்தொகுதியின் 310 கோடி எழுத்துகளில், ஆளுக்காள் மாறும் என்று முன்பே தெரிந்த ஆறேழு இலட்சம் இடங்களை மட்டும் ஒரு சிப்பில் வாசிப்பதுதான் இவற்றின் வழமையான முறை. தூரத்துக் கேள்விக்கு இதுவே போதும். ஆன்செஸ்ட்ரியிடம் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோரின் தரவு இருக்கிறது, ஆனால் நேர்த் தாய்வழி, நேர்த் தந்தைவழி மரபுக் குழு எது என்று அது அறிக்கையில் சொல்வதில்லை. 23அண்ட்மீ அதே காசுக்கு இரண்டையும் மேலோட்டமாகச் சொல்லும் (தந்தைவழி, துப்புகிறவர் ஆண் என்றால் மட்டும்). மைஹெரிடேஜ் ஐரோப்பாவில் பிரபலம், ஆகவே ஜேர்மனி, நோர்வே, சுவிஸ் சொந்தங்களைத் தேடுகிறவர்களுக்கு அது உதவலாம். இன்னொரு சின்ன விடயம், வயதானவர்களுக்கு இது முக்கியம்: 23அண்ட்மீயும் ஆன்செஸ்ட்ரியும் குழாய் நிறையத் துப்பச் சொல்வார்கள், மற்ற இரண்டிலும் கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்தால் போதும். வாய் வரண்ட எண்பது வயதுக்காரரைக் குழாய் நிரப்பச் சொல்வது பெரும்பாடு. வெற்றிலை போடுகிறவர் என்றால் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, அரை மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்த பிறகுதான் மாதிரி எடுக்கவேண்டும்.

இந்த நிறுவனங்களின் வரைபடம் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் சப்பென்றுதான் இருக்கும். 23அண்ட்மீயில் "தென்னிந்தியரும் இலங்கையரும்" என்று ஒரே கட்டம் வைத்திருந்தார்கள். அதில் பெரிய வீதம் வந்தால், அதைத் தெரிந்துகொள்ள 100 டாலர் எதற்கு என்று தோன்றும். அது கடந்த சில நூறு வருடத்து நிலவரத்தைத்தான் சொல்கிறது, ஏனென்றால் அவர்கள் ஒப்பிடுவது இன்று வாழும் மனிதரோடு. பழங்கால மக்களோடு ஒப்பிடவேண்டும் என்றால் கோப்பை இறக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும்.

வெளியே என்ன இருக்கிறது? ஜெட்மாட்ச் என்ற தளத்தில் கோப்பை ஏற்றி ஹரப்பாவேர்ல்ட் என்ற கணிப்பானை ஓடவிடலாம், இலவசம். தெற்காசியரை மனதில் வைத்துச் செய்தது, அதனால் மற்றக் கணிப்பான்களைவிட எங்களுக்குப் பொருந்தும். ஆனால் அதில் "தென்னிந்திய" என்ற கூறுக்கு அடுத்ததாக "பலோச்" என்று ஒரு கூறு வந்து நிற்கும், அதைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் துள்ளிக் குதிப்பார்கள், பலுசிஸ்தானில் பிராகுயி என்ற திராவிட மொழி பேசுகிறார்கள் என்பதை வைத்து ஒரு முழு வரலாறே பின்னேரத்துக்குள் உருவாகிவிடும். கணினி செய்தது இவ்வளவுதான்: ஒன்றாகச் சேர்ந்து வரும் மரபணு மாற்றங்களைக் குவியலாகப் பிரித்தது. அந்தக் குவியல் எந்த மக்களில் அதிகமோ அவர்களுடைய பெயரை ஒரு மனிதர் பிறகு ஒட்டினார். உங்கள் பூட்டன் பலோச்சி என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஈரானிய உறவுள்ள அந்தப் பழைய மூலம் உங்களிலும் இருக்கிறது, அவர்களிலும் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு அடுத்த படி குளோபல்25 என்ற சேவை. உங்கள் கோப்பை 25 எண்களாகச் சுருக்கித் தருவார்கள், அதை வகாடுவோ என்ற கருவியில் ஒட்டி, நீங்களே பழங்கால மக்களைத் தெரிவுசெய்து கலப்பு வீதம் பார்க்கலாம். இதையே அழகாக அலங்கரித்து, காலகட்டம் காலகட்டமாகப் படம் போட்டு விற்கும் இணையச் சேவைகளும் உண்டு. இங்கேதான் கவனம் வேண்டும். தெற்காசிய வேட்டையாடிகளின் மூலத்துக்குக் கலப்பில்லாத பழங்கால மரபணு ஒன்றுகூட கையில் இல்லை. ஆகவே அந்த இடத்தில் அந்தமானின் ஓங்கி மக்களையோ, நீலகிரி இருளரையோ, வயநாட்டுப் பணியரையோ, அல்லது கணினியில் கற்பனையாக உருவாக்கிய ஒரு மாதிரியையோ வைக்கிறார்கள். ஓங்கிகள் எங்கள் மூலத்தில் இருந்து பல பத்தாயிரம் வருடங்களுக்கு முன்பே பிரிந்தவர்கள். இருளரும் பணியரும் தாங்களே கலப்பானவர்கள். யாரை வைக்கிறீர்களோ அதற்கேற்ப வீதம் மாறும். ஓங்கியை எடுத்துவிட்டு இருளரை வைத்தால் உங்கள் "சிந்துவெளி" வீதம் சடாரென்று இறங்கும், ஏனென்றால் இருளருக்குள்ளேயே அதில் ஒரு பங்கு இருக்கிறது. துணியை எந்த முழத்தால் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து முழக்கணக்கு மாறுகிற மாதிரி. ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே கதைதான்: 2019இல் சிந்துவெளி விளிம்பு மக்களை (சிந்துவெளிக்கு வெளியே கிடைத்த, அதனோடு உறவுள்ள பழங்கால மனிதரை) வைத்துக் கணக்குப் போட்டார்கள், 2025இல் 2,762 இந்தியரின் முழு மரபணுவோடு வந்த ஆய்வு, ஈரானிய உறவுள்ள மூலத்துக்குத் தஜிகிஸ்தானின் சராசம் மக்கள் நன்றாகப் பொருந்துகிறார்கள் என்றது. ஆகவே யாராவது "நான் 47.3 வீதம் சிந்துவெளி" என்று தசமதானத்தோடு முகநூலில் போட்டால், எந்த மூலங்களை வைத்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த எண்ணை நம்பவேண்டாம்.

கணினியில் கொஞ்சம் கைதேர்ந்த பிள்ளை வீட்டில் இருந்தால் குளோபல்25ஐத் தாண்டிப் போகலாம். ரைக்கின் ஆய்வுகூடம் வெளியிட்ட பழங்கால மரபணுத் தொகுப்பும், கியூபிஆட்ம் என்ற கருவியும் இலவசம். லினக்ஸ் கட்டளைகள் எழுதவேண்டும், ஓரிரு கிழமை மண்டை காயும், ஆனால் இந்த மாதிரிக் கலப்பு பொருந்துகிறதா இல்லையா என்று முகத்துக்கு நேரே சொல்லும் கருவி அது. மற்றவை எதைக் கொடுத்தாலும் ஒரு படம் வரைந்து தந்துவிடும், அதுதான் பிரச்சினையே. பல்கலைக்கழகத்தில் உயிரியலோ கணினியோ படிக்கும் ஒருவருக்கு இது அருமையான பயிற்சி.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது பெருங்கற்கால ஈமக்குழிகளும் எலும்புக்கூடுகளும் எழுத்துப் பொறித்த முத்திரையும் கிடைத்தன. எங்கள் ஆட்கள் எல்லோரும் உள்ளூர ஒப்பிட விரும்புவது அந்த மனிதரோடுதான். ஆனால் கணிப்பான்களின் பட்டியலில் ஆனைக்கோட்டை என்ற பெயர் இல்லை. வெப்பமும் ஈரமும் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும், குளிரும் வரட்சியும் உள்ள இடங்களில்தான் அது நின்றுபிடிக்கும். அதனால்தான் பட்டியலில் மத்திய ஆசியாவும் ஈரானும் பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கும் நிறைந்து கிடக்கின்றன. எத்தனை டாலர் கொடுத்தாலும் எந்தக் கிட்டும் உங்களை ஆனைக்கோட்டையோடு ஒப்பிடாது.

இரண்டாவது வழி, தந்தைவழிக்கும் தாய்வழிக்கும் தனித்தனிப் பரிசோதனை. ஃபமிலிட்ரீ டிஎன்ஏவின் பிக் வை 700 என்பது தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் வை குரோமோசோமை ஆழமாக வாசிக்கும், பட்டியல் விலை 450 டாலருக்குக் கிட்ட. தாய்வழிக்கு, தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்குப் போகும் மைட்டோகொண்ட்ரியா டிஎன்ஏயின் 16,569 எழுத்துகளையும் முழுதாக வாசிக்கும் பரிசோதனை தனியாக உண்டு. துல்லியத்தில் இவற்றுக்குக் குறை சொல்லமுடியாது. ஆனால் பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு மூதாதையர் இடம் 1,024. அதில் வை சொல்வது ஒருவரைப் பற்றி, மைட்டோகொண்ட்ரியா சொல்வது ஒருவரைப் பற்றி. மிச்சம் 1,022 பேர் பற்றி மௌனம். உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஜோதிமாணிக்கம் ஊர்க்காரர் ஒருவரிடம் எம்130 என்ற மிகப் பழைய வை அடையாளத்தைப் பேராசிரியர் பிச்சப்பனின் மதுரைக் குழு கண்டுபிடித்தபோது "முதல் இந்தியர்" என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்த அடையாளம் இல்லாத அவருடைய ஊர்க்காரரும் அதே பழைய மனிதர்களின் வாரிசுகள்தான், வேறு வழிகளால் வந்தவர்கள், அவ்வளவே வித்தியாசம். எங்களில் எச், எல், ஆர்2, ஜே2, ஆர்1ஏ என்று பெயர் வைத்த தந்தைவழிக் குழுக்கள் பலதும் வரும். ஆர்1ஏ வந்தால் "நாங்கள் ஆரியர்" என்றும் எச் வந்தால் "நாங்கள்தான் ஆதிக்குடி" என்றும் சண்டை பிடிக்க ஒன்றும் இல்லை. ஆயிரத்தில் ஒரு கொப்பாட்டனின் கதை அது. ஒரே குடும்பப் பெயர்க் கதை கொண்ட இரண்டு ஊர் ஆண்கள் உண்மையில் ஒரே வழியா என்று பார்க்கவேண்டும் என்றால் மட்டும் இதற்குக் காசு கொடுங்கள்.

மூன்றாவது, முழு மரபணுத்தொகுதியையும் சராசரி 30 தடவை வாசிப்பது. சில நூறு டாலரில் இருந்து ஆயிரம் வரை. சிப் தவறவிட்ட இடங்கள் எல்லாம் இதில் வரும், பழங்கால மரபணு ஆய்வாளர்கள் வழக்கமாகப் பார்க்கும் 12 இலட்சத்துச் சொச்ச இடங்களோடும் சரியாகப் பொருந்தும், வை குரோமோசோமும் மைட்டோகொண்ட்ரியாவும் கூடவே கிடைக்கும். சிப் கிட், பிக் வை, தாய்வழிப் பரிசோதனை மூன்றையும் தனித்தனியாக வாங்கப்போகிறீர்கள் என்றால் இந்த ஒன்றே மேல். பிரச்சினை கோப்பின் பருமன், பத்துக்கணக்கான ஜிகாபைட். எங்கள் வீட்டு இணைய இணைப்பில் அதை இறக்குவதற்குள் தரவுப் பொதி தீர்ந்துவிடும், ஆகவே ரொறன்ரோப் பேரன் அங்கேயே இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்கில் கொண்டுவரட்டும்.

எந்த வழியானாலும் கோப்பைக் கையோடு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நேஷனல் ஜியோகிராபிக் 2005இல் தொடங்கிய ஜெனோகிராபிக் திட்டம் 2019இல் கிட் விற்பதை நிறுத்தியது, அடுத்த வருடம் முடிவுகளைப் பார்க்கும் தளமும் மூடப்பட்டது. 23அண்ட்மீ 2025 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது, பிறகு அதன் நிறுவுநரே நடத்தும் இலாபநோக்கற்ற அமைப்பு 305 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அதற்கு முன்பு, 2023இல், 69 இலட்சம் பேரின் தகவல் அங்கிருந்து வெளியே போனது. வேறு தளங்களில் களவுபோன கடவுச்சொற்களை வைத்து ஏறக்குறைய 14,000 கணக்குகளுக்குள்தான் நுழைந்தார்கள், மிச்சம் எல்லாம் "உறவினர் பட்டியல்" வழியாக எடுபட்டது. அந்தப் பட்டியலைத் திறந்து வைப்பதா என்பது தனியாக யோசிக்கவேண்டிய விடயம். பிரான்சில் இருக்கிற சொந்தங்களுக்கு இன்னொரு தலைவலி: அங்கே பொழுதுபோக்குக்காக இப்படிப் பரிசோதிப்பது சட்டவிரோதம், செய்பவருக்கே 3,750 யூரோ வரை தண்டம். பாரிஸ் லா சப்பல் மாமாவுக்குக் கிட் அனுப்பமுதல் அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

உறவினர் பட்டியல் என்றதும் கிட்டத்துக் கேள்விக்கு வருகிறோம். இங்கே நிறுவனங்களின் கணிப்பு எங்களிடம் வந்து சறுக்கும். சராசரியாக மச்சான் முறை ஒருவரோடு, அதாவது பெற்றார் கூடப்பிறந்தவர்களாக இருந்தால், 870 சென்டிமோர்கன் (பொதுவான டிஎன்ஏத் துண்டுகளின் நீளத்தை அளக்கும் அலகு) அளவில் பகிர்வீர்கள். மூன்றாம் தலைமுறை ஒன்றுவிட்டவரோடு, அதாவது பூட்டன் பூட்டிமார் கூடப்பிறந்தவர்களாக இருந்தால், 70 அளவில். இந்தக் கணக்கு, ஒரு சந்ததிக்கும் மற்றதற்கும் ஒரே ஒரு தொடர்புதான் இருக்கும் என்ற எண்ணத்தில் போட்டது. எங்களிடம் மாமன் மகளைக் கட்டுவது, அத்தை மகனைக் கட்டுவது, அதே ஊருக்குள் அதே சில குடும்பங்களுக்குள் மாறி மாறிக் கொடுத்து எடுப்பது என்று பல தலைமுறை போயிருக்கிறது. ஆகவே ஒரே ஆளோடு நாலைந்து வழியால் சொந்தம். சின்னச் சின்னத் துண்டுகள் சேர்ந்து கூட்டுத்தொகை வீங்கும். "மூன்றாம் தலைமுறை" என்று காட்டுகிறவர் உண்மையில் ஆறாம் ஏழாம் தலைமுறையில் பல வழியால் முட்டுப்படுகிறவராக இருப்பார். கூட்டுத்தொகையை விட்டுவிட்டு, மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள், அதுதான் கிட்டத்து உறவைக் காட்டும்.

மற்றது, இந்தப் பட்டியல் எந்த இரகசியத்தையும் காப்பாற்றாது. தத்தெடுத்த பிள்ளை, யாரும் பேசாத ஒரு தகப்பன், இடப்பெயர்வுக் காலத்தில் கைமாறிய குழந்தை, எல்லாம் ஒரு காலையில் மின்னஞ்சலில் வந்து நிற்கலாம். அம்மம்மாவிடம் துப்பச் சொல்லும்போது இதையும் சொல்லித்தான் கேட்கவேண்டும், "சும்மா ஒரு விளையாட்டு" என்று சொல்லி எடுப்பது சரியில்லை. சாதியைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்து வாங்குகிறவர்களுக்கு: எந்தக் கிட்டும் அதைச் சொல்லாது. சிங்களவருக்கும் எங்களுக்கும் மரபணுவில் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கும் ஏமாற்றம்தான், 2023இல் வந்த ஆய்வு இரண்டு பேரும் மிக நெருக்கம் என்றே காட்டியது. காணாமல் ஆக்கப்பட்ட உறவைத் தேடுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், இந்தக் கிட்கள் அதற்கானவை அல்ல. எலும்பு அடையாளம் காண்பது நீதிமன்ற மேற்பார்வையில், குடும்பத்தவரின் மாதிரியோடு, வேறு முறையில் செய்கிற வேலை.

நான்காவது வழிக்கு எச்சில் தேவையில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையால் எங்களிடம் ஒரு விசேடம் இருக்கிறது: சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. பழைய சீதன உறுதிகளை (காணிப் பத்திரங்களை) வரிசையாக அடுக்கினால் அம்மா, அம்மம்மா, அவரின் தாய் என்று பெயரோடு ஊரோடு காணிப் பெயரோடு ஒரு தாய்வழி கிடைக்கும். மைட்டோகொண்ட்ரியா போகும் அதே பாதைதான், ஆனால் அது பெயர் சொல்லாது, உறுதி சொல்லும். பரம்பரையாக வரும் முதுசக் காணியின் உறுதிகள் மற்றப் பக்கத்தைக் காட்டும். போரில் வீட்டுப் பிரதிகள் போனவர்கள் காணிப் பதிவகத்தில் தேடிப்பார்க்கலாம். அதற்கும் பின்னால் போனால், 1658 முதல் 1795 வரை இருந்த ஒல்லாந்தர் காணிகளையும் ஆட்களையும் தோம்பு என்ற பதிவேடுகளில் பதிந்தார்கள், அவர்களுடைய ஆட்சி ஆவணங்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. பழைய டச்சுக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவரைப் பிடிக்கவேண்டும், அது லேசான வேலையில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோவில் ஞானஸ்நானப் பதிவேடு இருப்பதால் அவர்கள் பாடு கொஞ்சம் சுகம். கிட்டத்துக் கேள்விக்கு நான் டிஎன்ஏயை இரண்டாவதாகத்தான் வைப்பேன், உறுதிதான் முதல். பட்டியலில் ஒரு மொன்றியல்காரர் வந்து நின்றாலும், அவருடைய பூட்டியின் ஊரும் காணியும் தெரியாமல் நீங்கள் இரண்டு பேரும் "எப்படிச் சொந்தம்" என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள்.

ஆகவே இந்த வருடம் யாரோ ஒரு கிட் கொண்டுவருவதாகச் சொன்னால், சாதாரணச் சிப் கிட் போதும், வீட்டில் மூத்தவருக்கே கொடுங்கள். அம்மம்மாவின் மரபணுவில் கால்வாசிதான் உங்களிடம் இருக்கிறது, மிச்சம் அவரோடு போய்விடும், சொந்தம் தேடுவதற்கு அந்த மிச்சம் பெறுமதியானது. பழங்காலக் கலப்பு வீதத்துக்கு மட்டும் என்றால் யார் துப்பினாலும் பெரிய வித்தியாசம் வராது. தந்தைவழி வேண்டும் என்றால் அப்பா, அப்பாவோடு கூடப்பிறந்த சித்தப்பா, பெரியப்பா, அவர்களின் ஆண்பிள்ளைகள், யாரென்றாலும் ஒன்றுதான். கூடப்பிறந்தவர்கள் காசு சேர்த்துப் போடத் தயாராக இருந்தால் மூத்த ஆண் ஒருவருக்கு முழு மரபணுத்தொகுதி செய்யலாம், தந்தைவழியும் அவருடைய தாய்வழியும் ஒரே செலவில் வரும். அழகான படம் போட்டுத் தரும் பழங்காலச் சேவைக்கு, அதே வேலையை இலவசக் கருவியில் ஒருமுறை செய்து பார்க்காமல் நான் காசு கட்டமாட்டேன்.